பாலத்தில் ஓர் ஆள்

அச்சடித்த முதல் தாளை மரக்கட்டையிலிருந்து உரித்தபோதுதான் யுகாரி அந்த ஆளைப் பார்த்தாள். பழைய துறைமுகப் பாலத்தின் நடுவே, நகத்தளவு, மூட்டை சுமந்து நடந்துகொண்டிருந்தான். அவள் வரைந்தது பாலமும் கடலும் மட்டும்தான்.

காசிலிங்கம் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நின்றான். முத்தியால்பேட்டையில் முப்பது வருஷமாகக் கதவுகளுக்கு மயிலும் யானையும் செதுக்குகிறவன். யுகாரி ஜப்பான்காரி, புதுச்சேரியின் பேர்போன இடங்களைப் பத்துப் படமாக அச்சடிக்க வந்திருக்கிறாள். அப்படி ஊர்களை வரிசையாக அச்சடிப்பது அவர்கள் நாட்டுப் பழைய வழக்கமாம். அவளைப் போன்ற இந்தக் காலத்து ஆட்கள் வரைவது, வெட்டுவது, அடிப்பது எல்லாவற்றையும் தாங்களே செய்துவிடுகிறார்களாம். தன் மணிக்கட்டு கெட்டுப்போனதால் வெட்டுகிற வேலையை இவனுக்கும், தாளைத் தேய்த்து அடிக்கிற வேலையை இவன் மனைவி செல்வாம்பாளுக்கும் கொடுத்திருந்தாள்.

வெட்டியெடுத்த இடம் வெள்ளையாக விழும், விட்டுவைத்த மரம் கறுப்பாக விழும். ஒரு வாரமாக வானத்தைச் செதுக்கித் தள்ளிக்கொண்டு வந்தவனுக்கு, பாலத்துக்குச் சற்று மேலே உளி நின்றுவிட்டது. அங்கேதான் அப்பா உர மூட்டை தூக்கினார். கூழ் கொண்டுபோனால் நின்றபடியே குடித்துவிட்டுத் தூக்குவாளியைத் திருப்பித் தருவார். வேர்வையில் உரம் ஊறி முதுகு வெந்திருக்கும். பாலத்தைக் கடல் தின்று சில வருஷம் ஆகிறது. அப்பாவுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. ஆள் இல்லாத பாலத்தை வெட்ட அவனுக்குக் கை வரவில்லை. அந்தத் துண்டு மரத்தை மூட்டை சுமக்கிற அப்பாவாக விட்டுவைத்தான்.

யுகாரி கோபப்படவில்லை. செதுக்கி எடுக்க ஒரு நிமிஷம் போதும், எடுத்தால் திரும்ப வைக்க முடியாது என்றாள். பிறகு கேட்டாள், "யாரு இது?"

"எங்கப்பா."

செல்வாம்பாள் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"நல்லா செஞ்ச போ. மூட்டய எடத் தோள்ல ஏத்தி வுட்டுருக்கிற. மாமாவுக்கு அந்தத் தோள்ல எலும்பே கூடல. எத்தினி வருசம் எண்ண தேச்சிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

அவன் கட்டையைத் திரும்பிப் பார்த்தான். யுகாரி தன் படத்தைக் கவிழ்த்துத்தான் கட்டையில் ஒட்டிக் கொடுத்திருந்தாள். அச்சில் அது நேராகிவிட்டது. அப்பாவை அவன் நினைப்பிலிருந்து எடுத்து நேராகவே வெட்டியிருந்தான்; அச்சில் வலது இடதாகிவிட்டது. கிரேன் சங்கிலி விழுந்து நொறுங்கிய தோள் அந்த இடது. அதற்குப் பிறகு சாகிறவரைக்கும் வலது தோள் ஒன்றிலேயே சுமந்தவர். இனிப் பார்க்கிறவர்களுக்கெல்லாம் அவர் நொறுங்கின தோளில் சுமப்பார்.

"எடுத்துடறேன்" என்று உளியை வைத்தான். முனை மூட்டையின் மேல் நின்றது. அவன் அழுத்தவில்லை.

"இன்னொரு தாள் போடு. பாத்துட்டு எடுக்கறேன்" என்றான் மனைவியிடம்.

யுகாரி மையை அவர்கள் பக்கம் நகர்த்தினாள். செல்வாம்பாள் மை தடவி, தாளைப் பரப்பி, வட்டக் கட்டையால் தேய்த்தாள். மீன்கூடை சுமந்து இறுகிய கை. கடலின் மேல் பலமாகப் போனது, பாலத்தின் மேல் பலமாகப் போனது. அந்த ஆளின் தோளுக்கு வந்ததும் அழுத்தம் தானாகக் குறைந்தது.

தாளை உரித்தார்கள். ஆள் கறுப்பாக நடந்துகொண்டிருந்தான். மூட்டை மட்டும் வெளிறிப் புகைபோல் விழுந்திருந்தது.