கோணலாகத் தொங்கும் சான்றிதழ்

1

மருத்துவமனை வரிசையில் எனக்கு முன்னால் இருந்தவரிடம், "ரிப்போர்ட்ல ஒண்ணும் இல்லைங்க" என்றார்கள். அவர் முகத்தில் நிம்மதி வரவில்லை. அந்த முகத்துக்காகக் கதையில் ஒருத்தியை உருவாக்கினேன்.

முதல் தொடக்கம்: அவள் வாய்விட்டுச் சொல்லாததையெல்லாம் அவளுடைய இடது கை

(அடித்துவிட்டேன். கையைப் பேசவைப்பது எழுதுகிறவர்களின் கெட்ட பழக்கம்.)

2

படங்களுக்குச் சட்டம் போடும் கடையில் அவள் கண்ணாடி அறுக்கிறாள். இடது கை அளவுகோலை அழுத்திப் பிடிக்க வேண்டும். வலது கை அறுக்கும் முனையால் கோடு இழுக்கும். சில மாதங்களாக இடது கை மரத்துப்போகிறது. அளவுகோல் நழுவுகிறது, கண்ணாடி வீணாகிறது.

"டாக்டர்கிட்ட ஒரு முடிவு கேட்டுட்டு வாம்மா. இல்லன்னா பேக்கிங்குக்குப் போயிடு" என்றுவிட்டார் முதலாளியம்மா.

அறுப்பதைத் தவிர வேறு எதிலும் அவளுக்கு மனம் ஒட்டாது.

3

நரம்பு, எலும்பு, இரத்தம், எல்லாம் சரி. டாக்டர் பேசிக்கொண்டிருந்தபோது, அவருக்குப் பின்னால் அவருடைய சான்றிதழ் கோணலாகத் தொங்கியது. பொறுத்துப் பார்த்தாள். எழுந்து போய் நேராக்கினாள்.

டாக்டர் பேனாவை மூடினார். "எப்பவுமே இப்படித்தானா?"

கூட வந்த அக்கா முந்திக்கொண்டாள். "ஐயோ, அதை ஏன் கேக்கறீங்க! எங்க வீட்டுக் காலண்டர்கூட இவளைப் பாத்தா நிமிந்து நிக்கும்."

"அதான். உங்க சுபாவம்தான் கையில காட்டுது."

"அதுக்குத்தான் கடையில சம்பளம் தர்றாங்க, டாக்டர்" என்றாள் அவள்.

யாரும் சிரிக்கவில்லை.

4

(டாக்டர் சொன்னதில் உண்மை இருக்கலாம். சுபாவத்துக்கும் இப்படிப்பட்ட உபாதைக்கும் தொடர்பு உண்டு என்கிறார்கள். தொடர்பு வேறு, காரணம் வேறு. அந்தச் சுபாவத்தை அவளுக்குக் கொடுத்தது நான். கதைக்கு வசதியாக இருந்தது. கைக்கு என்ன என்று எனக்கும் தெரியாது.)

5

படியிறங்கும்போது அக்கா சொன்னாள்: "சுபாவத்தை மாத்திக்கோடி. கை தானா சரியாயிடும்."

"மாத்திக்கிட்டா கோடு கோணிடும்க்கா. அப்புறம் கை எதுக்கு?"

முடிவு ஒன்று: அவள் மனம்விட்டு அழுகிறாள், கை சரியாகிறது. (அழுகைக்கு அத்தனை மருத்துவம் தெரியாது.)

முடிவு இரண்டு: ஸ்கேனில் ஏதோ தெரிகிறது, அக்கா மன்னிப்புக் கேட்கிறாள். (அவளை நம்ப ஒரு படம் வேண்டுமா?)

முடிவு மூன்று: அவள் பேக்கிங்குக்கு...

6

அடுத்த முறை. சான்றிதழ் மறுபடியும் கோணல். டாக்டர் அவளையே பார்க்கிறார். எழுந்தால் சுபாவம் என்பார். எழாவிட்டால் முன்னேற்றம் என்பார். இரண்டிலும் கை மரத்துத்தான் இருக்கிறது.

சான்றிதழை நான் தொடப்போவதில்லை. அவள் எழுவாளா என்றுதான் நீங்களும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். கை எப்படி இருக்கிறது என்று இன்னும் யாரும் கேட்கவில்லை.