பதினேழு படிகள்

மாடிப்படியில் அவள் இறங்கும் வேகத்தில்தான் அவள் கணவனின் ட்ரெய்லர் மலைச்சரிவில் இறங்கியது. கல்யாணமான இரண்டாம் வருஷம் இது தெரியவந்தது. அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டு அவள் மாடியிலிருந்து தடதடவென்று ஓடி வந்தாள்; அதே நிமிஷம் முப்பது டன் இரும்புச் சுருளோடு வண்டி சரிவில் பாய்ந்து, பிரேக் கருகிப் புகைந்து, ஓரத்து மணல்மேட்டில் ஏறி நின்றது. ஊர் திரும்பியவன் வண்டி பாய்ந்த நேரத்தைச் சொன்னான்; அவள் படியில் ஓடி வந்த நேரமும் அதுதான்.

அதன்பின் மலையுச்சியில் வண்டியை நிறுத்தி, கீழ் கியரில் போட்டுவிட்டு அவளுக்கு போன் செய்வான். கியரை உச்சியிலேயே குறைத்துவிட வேண்டும், சரிவில் மாற்ற முடியாது. அவள் மாடிக்குப் போய், பதினேழு படிகளை இருபத்திரண்டு நிமிஷத்தில் இறங்குவாள். கீழே சேர்ந்ததும் அவனிடமிருந்து போன் வரும். ஒருமுறை, முந்தைய நாள் சண்டை ஆறாமல், ஐந்தாம் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அன்று போனில் அவன், "நடுச்சரிவுல நின்னுட்டேன்டி, பின்னால பஸ்காரன் கத்துறான். கோபத்தை வீட்டுக்கு வந்ததும் வெச்சுக்கலாமா?" என்றான். சிரித்துவிட்டாள். ஆனால் ஓர் ஆளைத் தன் பாதத்தில் சுமப்பது அன்பா பயமா என்று அவளுக்கு இன்றுவரை தெரியவில்லை.

நிறைமாதத்தில், நான்காம் படியில் பனிக்குடம் உடைந்தது. கீழே தையல் மிஷினிலிருந்து எழுந்து வந்த நாத்தனார் பதறினாள்.

"சீக்கிரம் இறங்குடி, வாசல்ல கார் நிக்குது!"

"அவரு இப்பத்தான் சரிவுல இறங்குறாரு அக்கா."

"என் தம்பி தானா இறங்கிப்பான்!"

"முப்பது டன் அக்கா."

வலி வந்தபோது கைப்பிடியை இறுக்கி நின்றாள். விட்டபோது ஒரு படி இறங்கினாள். பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்கக் கூடாது, அழுத்தி வேகத்தைக் குறை, பிறகு முழுசா விடு, சூடு ஆறட்டும் என்று அவன் சொல்லும்போதெல்லாம் கொட்டாவி விட்டிருக்கிறாள். இப்போது உடம்பு அதைத்தான் செய்தது. நாத்தனார் திட்டிக்கொண்டே ஒவ்வொரு படியிலும் அவள் இடுப்பைத் தாங்கினாள். பதினைந்தாம் படியில் பெண் குழந்தை பிறந்தது. மீதி இரண்டு படிகளைக் குழந்தையை மார்பில் அணைத்தபடி, அவசரப்படாமல் இறங்கினாள்.

அவன் அடிவாரத்திலிருந்து பேசினான். "இன்னிக்கு வண்டி மூச்சு வாங்கி வாங்கி இறங்குச்சு. பிரேக் கொஞ்சம்கூடச் சுடல. நீ நல்லா இருக்கியா?"

மகள் வளர்ந்து அந்தப் படிகளை நாலு நாலாகத் தாண்டினாள். எந்த வண்டிக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவன் ட்ரெய்லரை விட்டு இறங்கி ஆறு வருஷமாகிறது. அவளுக்கோ முழங்கால் வலி, படியில் நின்று நின்றுதான் வருகிறாள். அவள் நிற்கும்போதெல்லாம், கீழே நாற்காலியில் இருப்பவனின் தேநீர்க் குவளை வாய்க்குப் பாதி வழியில் நின்றுவிடுகிறது. அவள் அடுத்த படியில் கால் வைத்ததும் மறுபடி நகர்கிறது. ஆறிய தேநீர் அவனுக்குப் பழகிவிட்டது.