லைன்ல இருங்க

பாலில் ஊறிய ரொட்டி, மூடிய உதட்டில் மோதி மோவாயில் வழிந்தது. "டூட்டில இருக்கேன். வெளியாளுங்க உள்ள வரக் கூடாது," என்றாள் மனைவி. இடது கை, இல்லாத ரிசீவரைக் காதோடு பிடித்திருந்தது.

"நான் வெளியாளா? உன் புருஷன்டி. நீ ரிட்டயர் ஆகி எத்தனையோ வருஷமாச்சு. ஆஸ்பத்திரி டெலிபோன் போர்டும் இல்ல, போனும் இல்ல."

அவ்வளவுதான், அவள் வாய்க்குப் பூட்டு விழுந்தது. நேற்றிலிருந்து இதே கூத்து. காலமெல்லாம் பஸ் ஓட்டியவருக்கு ஒரு கரண்டியைச் சாண் தூரம் ஓட்ட முடியவில்லை. இப்படியே பட்டினி கிடந்தால் ஆஸ்பத்திரியில் சேர்த்து மூக்கில் குழாய் போட வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். போன தடவை குழாயைப் பிடுங்கிவிடுவாள் என்று கையைக் கட்டிலோடு கட்டினார்கள். அதை நினைத்து அழுகையாவது வந்தால் தேவலை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

வீடு தேடி வரும் நர்ஸ் அன்று முதலில் அவரைத்தான் விசாரித்தாள். "நீங்க சாப்பிட்டீங்களா, சார்?"

யோசித்தார். ஞாபகம் வரவில்லை. அந்த வீட்டில் மறதி யாருக்கு என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

நர்ஸ் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவள் கண்ணுக்கு நேராக உட்கார்ந்தாள். "அக்கா, டூட்டி மாத்த வந்திருக்கேன். போர்டை நான் பாத்துக்கறேன். நீங்க சாப்பிட்டு வாங்க."

அவள் நர்ஸை ஏற இறங்கப் பார்த்தாள். "பிரசவ வார்டு லைன் கரகரங்குது. பாத்துக்கோ."

காதிலிருந்து கை இறங்கியது. நர்ஸ் கரண்டியை அவள் கையிலேயே கொடுத்தாள். சிந்திச் சிந்தி, பாதிக் கிண்ணம் காலியாயிற்று.

"இது பொய்தானே?" என்றார் வாசலில்.

"அவங்க இருக்கற எடத்துக்கு நாம போறோம், சார். நீங்க அவங்கள இங்க இழுக்கறீங்க. ரெண்டு பேருக்கும்தான் வலிக்கும்."

"எனக்கு வலிக்கல."

நர்ஸ் பையைக் கீழே வைத்தாள். "அதான் எனக்குக் கவலையா இருக்கு. நாளைக்கு அக்காகூட உட்கார ஒரு ஆள் அனுப்பறேன். நீங்க தூங்கணும்."

சரி என்றார். யோசித்துச் சொன்னதல்ல, வெறும் பழக்கதோஷம்தான்.

உள்ளே வந்தபோது அவள் கை மறுபடி காதுக்குப் போயிருந்தது. "வணக்கம், யார் வேணும்?"

நான்தான்டி என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கினார்.

"என் சம்சாரம். அங்கதான் போர்டுல வேலை செய்யறாங்க. கொஞ்சம் கூப்பிடறீங்களா?"

அவள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் உற்றுக் கேட்டாள். "எடுக்க மாட்டேங்கறாங்க, சார். லைன்ல இருங்க."

"இருக்கேன்," என்றார். மீந்த ரொட்டிக் கிண்ணத்தை ஒரு கையில் ஏந்தி, மறு கையை மெல்ல மடக்கித் தன் காதோரம் வைத்துக்கொண்டார்.