பானை என்று நினைத்த தலை

போன அறுவடையிலிருந்தே கோசல் நல்ல பிள்ளையாகிவிட்டான். பெற்ற தாயே நம்பமாட்டாள், அவ்வளவு நல்ல பிள்ளை. மாலிஸின் அம்மா சமோனைச் சந்தையில் கண்டால் கூப்பிய கையை மூக்குவரை உயர்த்தி வணங்குவான். ஊரில் மூத்த பெண்களை எல்லாரும் அழைப்பதுபோல் 'பெரியம்மா' என்பான். அவள் உட்கார்ந்திருந்தால் முதுகை வளைத்துக்கொண்டுதான் தாண்டிப் போவான். ஒரு மாங்காய் கொடுப்பதானாலும், பம்ப்செட் ரிப்பேர் செய்த கையின் கிரீஸைத் துடைத்துவிட்டு இரண்டு கையாலும் கொடுப்பான். எல்லாம் மாலிஸுக்காக. புத்தாண்டு கழிந்ததும் பெண் கேட்டுச் சித்தியை அனுப்புவதாக ஏற்பாடு.

புத்தாண்டின் இரண்டாம் நாள் விகாரை வளாகத்தில் பானை உடைக்கும் விளையாட்டு. கயிற்றில் வரிசையாகப் பானைகள், உள்ளே முகப்பவுடர். கோசலின் கண்ணைத் துண்டால் கட்டி நன்றாகச் சுற்றிவிட்டார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் வழி சொல்வதில் எமகாதகர்கள். வலது பக்கம் போகவேண்டியவனை இடது பக்கம் விரட்டினார்கள். அவன் நேராக வேடிக்கை பார்ப்பவர்கள் நடுவே போய் நின்றான். கையில் உருண்டையாக ஏதோ பட்டது. தட்டிப் பார்த்தான்.

"கெடச்சிருச்சு, எல்லாரும் தள்ளிக்குங்க," என்று கம்பை ஓங்கினான்.

மாலிஸ் ஓடிவந்து கம்பைப் பிடித்துக்கொண்டாள். அவளே அவன் கண்கட்டை இறக்கிவிட்டாள். எதிரே சமோன். அவன் கை இன்னும் அவள் தலைமேலேயே இருந்தது.

பெரியவர்களின் தலையைத் தொடுவதா? அடித்திருந்தால்கூட இவ்வளவு கேவலம் இல்லை. சமோன் திரும்பி வீட்டுக்கு நடந்தாள்.

"அந்த வாசல்ல நான் கால் வைக்கமாட்டேன்," என்று சித்தி கழன்றுகொண்டாள். "பூசணிக்காயக்கூட இப்பிடித் தட்டமாட்டாங்கடா."

கோசலுக்குச் சோறு இறங்கவில்லை. மாலிஸ் இல்லாமல் என்ன செய்வோம் என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது.

மூன்றாம் நாள், பிள்ளைகள் பெற்றோரைக் குளிப்பாட்டி, வருஷமெல்லாம் செய்த தப்புக்கு மன்னிப்புக் கேட்கும் நாள். கோசல் போனபோது சமோன் முற்றத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மாலிஸும் அவள் அக்காவும் மல்லிகை மிதக்கும் தண்ணீரை மொண்டு ஊற்றத் தொடங்கியிருந்தார்கள். கோசல் படலருகிலேயே முட்டி போட்டு, நெற்றிவரை கை கூப்பினான்.

"மன்னிச்சிருங்க பெரியம்மா."

"எதுக்கு? தட்டுனதுக்கா, பானைன்னு நினைச்சதுக்கா?"

"ரெண்டுக்கும்."

"தட்டிப் பாத்தியே, காலியா இருந்துச்சா?"

"நெறஞ்சிருந்துச்சு பெரியம்மா."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சமோன் சிரிக்கவில்லை.

"என் புருஷன் இருந்தவரைக்கும் ஒரு நாள்கூட என் தலையத் தொட்டதில்ல," என்றாள். மாலிஸிடமிருந்து குவளையை வாங்கி அவன் பக்கம் நீட்டினாள். "வா இங்க."

வேலிக்கு அப்பால் நின்ற பக்கத்து வீட்டுக்காரிக்குப் பொறுக்கவில்லை. "பிள்ளைங்கதானேடி ஊத்தணும்? இவன் யாரு உனக்கு?"

"அத இவன் சித்தி வந்து சொல்லுவா. ஏன் இன்னும் வரலைன்னு நானும்தான் பாத்துட்டிருக்கேன்."

கோசல் இரண்டு கையாலும் குவளையை வாங்கினான். நடுக்கத்தில் பாதித் தண்ணீர் தரைக்குப் போயிற்று. மீதியை அவள் தோளில் ஊற்றினான்.

"தலையில ஊத்துடா," என்றாள் சமோன். "நேத்து மட்டும் கை நடுங்கலையே."