தந்தமில்லாத மண்டையோடு

எனக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது என்று அக்கா சொல்வாள். நான் ஒத்துக்கொண்டதே இல்லை. அவளுக்கு அருங்காட்சியக வாசலில் டிக்கெட் கிழிக்கும் வேலை. பின்கட்டில் அவள் புருஷனும் நானும் பாறைக்குள்ளிருந்து எலும்புகளைச் சுரண்டி எடுப்போம்.

மூன்று வருஷமாக ஒரு மண்டையோட்டோடு மல்லுக்கட்டினோம். வால்ரஸ் என்கிற பனிக்கடல் விலங்கில், ஒரு கோடி வருஷத்துக்கு முன்பே அழிந்துபோன ஓர் இனம். கிடைத்திருப்பது இது ஒன்றுதான். இப்போதைய வால்ரஸ்களைப் போல இதற்கு நீளத் தந்தம் கிடையாது. கோரைப்பல் நாயின் பல் அளவுதான். தாடையில் வேறெதுவோ கடித்துக் குதறிய பள்ளம் இருந்தது. அதையும் தாங்கி எலும்பு கூடியிருந்தது. அந்த மண்டையோட்டின் மேல் எனக்கு உயிர்.

அன்று காலை நான் உள்ளே நுழைந்தபோது கோரைப்பற்கள் இரண்டும் பிடுங்கப்பட்டுத் தட்டில் கிடந்தன. மச்சான் மேல்தாடையில் துளை போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் பிளாஸ்டரில் வார்த்த இரண்டு தந்தங்கள்.

"என்ன மச்சான் பண்றீங்க?"

"தந்தமில்லாத வால்ரஸ எவன் மாப்ள வந்து பாப்பான்? டைரக்டரே தலையாட்டிட்டாரு. நீ வாய மூடிட்டு வேலையப் பாரு."

தந்தம் ஒன்றை எடுத்து அவர் வாயிலேயே ஓங்கி அறைந்தேன். தந்தம் தூளானது. அவருடைய முன்பற்கள் தெறித்தன. அவர் மட்டும் சும்மா இருப்பாரா? சுத்தியலை என் தோளில் இறக்கினார். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. இன்னொரு கையால் அவர் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினேன். மறுபடி மோதினேன். மூன்றாவது முறை இழுத்தபோது என் முழங்கை மேசையில் இடித்தது. மண்டையோடு உருண்டு தரையில் விழுந்து சிதறியது.

மச்சான் கழுத்தை விட்டுவிட்டேன். அவர் சுவரோடு சரிந்தார்.

துண்டு எது விழுந்தாலும், பொறுக்கி முடிக்கும்வரை அறையில் யாரும் காலை அசைக்கக் கூடாது. அது எங்கள் வழக்கம். மண்டியிட்டு இடுக்கியால் பொறுக்க ஆரம்பித்தேன். சத்தம் கேட்டு அக்கா ஓடிவந்தாள்.

"அக்கா, அப்படியே நில்லு! மிதிச்சிராத!"

அவள் என்னைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். துண்டுகளை நொறுக்கிக்கொண்டே நேராக அவரிடம் போய், மூக்கருகே விரல் வைத்தாள்.

"மூச்சு இல்லடா."

அப்போதும் என் கண் அவள் காலடியில் அந்தத் தாடையைத்தான் தேடியது. அவரைக் கொன்றதைவிட, அது நொறுங்கியதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.