மூஞ்சி அட்டைகள்

நகுலுக்குக் கோபம் வந்தால் கடிப்பான். நாலு வயதுப் பிள்ளை, கோபத்தை வேறெங்கே கொண்டுபோய் வைப்பான்? மும்பை மாட்டுங்காவின் அந்த வீட்டில் வாய்க்கெட்டும் தூரத்தில் எப்போதும் இருந்தது மாரீஸ்வரியின் கைதான். அவன் அம்மா ஷ்யாமளா உள்ளறையில் லேப்டாப்பில் ஆபீஸ் வேலை பார்க்க, லேபர் கேம்ப் குடிசைப் பகுதியிலிருந்து வந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்பவள் மாரீஸ்வரி.

வேலைக்குச் சேர்ந்த அன்றே ஷ்யாமளா சொல்லிவிட்டாள்: "குழந்தை முன்னாடி மூஞ்சியைச் சுளிக்கப்படாது. எப்பவும் சிரிச்ச முகமா இருக்கணும்."

மாரீஸ்வரியும் சிரித்தாள். கடிபட்டாலும் சிரித்தாள். பெற்ற பிள்ளை போலத்தான் அவனை வளர்த்தாள். என்றைக்காவது தன் வலி அவனுக்குப் புரியாதா என்று அவளுக்கு ஒரே ஏக்கம்.

பிள்ளை வளர்ப்புக்கும் இப்போது ஆன்லைன் வகுப்பு இருக்கிறதே! ஷ்யாமளா சேர்ந்தாள். சிரிப்பு, அழுகை, கோபம் என்று முகம் முகமாக வரைந்த அட்டைகள் கூரியரில் வந்தன. இனிமேல் பிள்ளைக்குப் புரிந்துவிடும் என்று ஷ்யாமளாவைவிட மாரீஸ்வரிக்குத்தான் சந்தோஷம்.

அன்று மொபைலை வாங்கி வைத்ததற்காக நகுல் அவள் மணிக்கட்டில் பல் பதியக் கடித்தான். ஷ்யாமளா வந்து அட்டைகளைப் பரப்பினாள்.

"மாரிக்காவுக்கு இப்போ எப்படி இருக்கும்? பார்த்துச் சொல்லு கண்ணா."

அவன் மாரீஸ்வரியின் முகத்தை உற்றுப் பார்த்தான். சிரிக்கிற அட்டையை எடுத்தான்.

"மாரிக்கா எப்பவும் ஹேப்பிதாம்மா. அவளுக்கு வலிக்காது."

மாரீஸ்வரிக்குச் சுருக்கென்றது. "வலிக்கும்ல ராசா," என்றாள். பாழாய்ப்போன வாய் அப்போதும் சிரித்துத் தொலைத்தது.

"குழப்பாதே மாரீஸ்வரி. நீ சிரிச்சிண்டுதானே இருக்கே? பார்த்ததை அவன் சொல்றான்."

நகுலுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அதே இடத்தில் மறுபடி ஒரு கடி கடித்துவிட்டு அவள் முகத்தையே பார்த்தான்.

"எம்மா! வலிக்குல, விடுல!"

அலறிவிட்டாள். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த கடி அத்தனையும் அந்த அலறலில் வெளியே வந்தது.

நகுல் வீறிட்டான். ஷ்யாமளா அவனை வாரி அணைத்துக்கொண்டாள். "பயந்துபோய்ட்டியா? இப்போ நகுலுக்கு எப்படி இருக்கு?"

அவன் விக்கிக்கொண்டே அழுகிற அட்டையைத் தொட்டான்.

"எக்ஸலண்ட்!" என்று முத்தம் கொடுத்தவள், மாரீஸ்வரி பக்கம் திரும்பினாள். "எவ்ளோ ஹர்ட் ஆயிருக்கான் பார். குழந்தைகிட்ட சாரி சொல்லு."

மாரீஸ்வரி மணிக்கட்டை முந்தானையால் பொத்திக்கொண்டு அவன் முன் குனிந்தாள்.

"சாரி ராசா."

"இட்ஸ் ஓகே," என்றான் நகுல், பெரிய மனது பண்ணி. அதையும் அவன் அம்மா வகுப்பில் கேட்டுச் சொல்லிக்கொடுத்திருந்தாள்.