பாதி மான்

குளிர்கால விடுமுறைக்கு ஜன்னலில் தொங்கவிடும் குரோஷா மான் திரையை அக்காவும் நானும் ஆளுக்குப் பாதியாகப் பின்னி, நடுவில் சேர்த்துத் தைப்போம். தலைப்பக்கம் அவள் வீட்டில், வால்பக்கம் என் வீட்டில். ஒரே நூல், ஒரே நம்பர் ஊசி, ஒரே கட்டக் கணக்கு. நிரப்பிய கட்டங்கள் மானாகும், வெறுங்கட்டங்கள் வானமாகும்.

அக்காவுக்கு மனசு தாராளம். நூலில் மட்டும் மகா கருமி. அவள் இறுக்குகிற இறுக்கில் அவள் பாதி எப்போதும் இரண்டு விரல் குட்டையாகத்தான் வரும். நான் திட்டிக்கொண்டே அதை நனைத்து, இழுத்து, குண்டூசி குத்திச் சரிக்கட்டுவேன்.

இந்த வருடம் மேசையில் விரித்துப் பார்த்தால், அவள் பாதி என்னுடையதைவிட நாலு விரல் நீளம். கட்டங்கள் தொளதொளவென்று கிடந்தன. எனக்குச் சுர்ரென்று ஏறியது.

“யார்கிட்ட குடுத்துப் பின்ன வச்ச? உண்மையைச் சொல்லு.”

“நானேதான்டி பின்னினேன். வேணும்னா கட்டத்தை எண்ணிப் பாரு.”

எண்ணினேன். ஒன்றுகூடப் பிசகவில்லை.

“அப்ப ஊசியை மாத்திட்ட.”

அவள் பையிலிருந்து ஊசியை எடுத்து நீட்டினாள். அதே பழைய ஊசிதான். ஆனால் இடது கையால் நீட்டினாள். வலது கை மடியில் சும்மா கிடந்தது.

என் கோபம் போன இடம் தெரியவில்லை. அந்தக் கையை எடுத்து, அதற்குள் என் விரல்களை வைத்தேன்.

“இறுக்கிப் பிடி, அக்கா.”

“பிடிச்சுக்கிட்டுதானே இருக்கேன்,” என்றாள் அக்கா.